காட்டு விலாசத்தில் ஒரு கையெழுத்து

போன மாதம் எங்கள் கம்பனிக்கு ஒரு பார்சல் வந்தது. யாரோ கையெழுத்து வைத்து அதை வாங்கியிருக்கிறார்கள்.

இதில் என்ன புதினம் என்கிறீர்களா?

பார்சல் போன விலாசத்தில் வீடு இல்லை. கேற் இல்லை. ஆள் இல்லை. அங்கே இருப்பது காடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் கம்பனி’ என்றதும் என்னைப் பெரிய முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். கம்பனி என் அக்காவுடையது. பரந்தனில் ஒரு ஒழுங்கைக்குள் தகரக் கொட்டகை, எள்ளுப் பிழியும் மெஷின், போத்தலில் எண்ணெய் அடைக்கும் பெண்கள் சிலர். அவ்வளவுதான். பங்காளி ஹனீபா நானா. முல்லைத்தீவுப் பக்கமிருந்து எள்ளு வாங்கி லொறியில் கொண்டுவருவது அவர். நான் போத்தலுக்கு லேபல் ஒட்டுகிறவன். வெளி ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். லேபலோடு கதைக்கத் தேவையில்லை… அதனால் வேலை பொருந்திப் போயிற்று.

இந்த வருடம் சுவிஸில் கடை வைத்திருக்கும் குமார் அண்ணை எங்கள் நல்லெண்ணெயை ஒழுங்காக எடுப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். அவருடைய வங்கி எங்கள் கம்பனியின் எல்.ஈ.ஐ. இலக்கத்தைக் கேட்கிறதாம்.

அது என்ன என்று எனக்கும் அதுவரை தெரியாது. விசாரித்துப் பார்த்தேன். உலகத்தில் கொடுக்கல் வாங்கல் செய்யும் கம்பனிகளுக்குக் கொடுக்கிற அடையாளக் குறியீடு. எங்களுக்கு அடையாள அட்டை இலக்கம் மாதிரி அவற்றுக்கு இது. ஆங்கில எழுத்தும் இலக்கமுமாகச் சேர்ந்து இருபது. பெரிய பட்டணத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் வங்கிக்கும் இருபதுதான், பரந்தன் தகரக் கொட்டகைக்கும் இருபதுதான். ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அதைக் கம்பியூட்டரில் தட்டிப் பார்க்கலாம். கம்பனியின் பெயர் வரும். விலாசம் வரும். கம்பனி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதும் வரும்.

கம்பனி செத்தால்? இலக்கம் சாகாதாம். அதை எடுத்து வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்களாம். அப்படியே கிடக்குமாம்.

இதைச் சொன்னபோது ஹனீபா நானா சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப மௌத்தாப் போனாலும் நம்பர் இருக்கும் எண்டுறாய்?”

“ஓம் நானா.”

“கொடுத்து வைச்ச சாமான். எனக்கு உயிரோட இருக்கேக்கையே நாலு கந்தோர் ஏறி இறங்க வேண்டிக் கிடக்கு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று லேபல் ஒட்டும்போது அந்த நினைப்பு என்னை விடவில்லை. கம்பனிக்குப் பெயர் இருக்கிறது. வயது இருக்கிறது. விலாசம் இருக்கிறது. வழக்குப் போடவும் அதனால் முடியும். உடம்பு மட்டும் இல்லை. உடம்பு இல்லாமல் பெயரோடும் விலாசத்தோடும் இருக்கும் ஒன்றை எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்லி அல்லவா அழைப்பார்கள்?

சரி… விலாசத்துக்கு வருவோம். அங்கேதான் வில்லங்கம்.

இந்தப் பத்தியைப் படிக்கிற வன்னி வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பலர் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் விலாசத்தைக் கொடுப்பதில்லை. போக முடியாத காணியின் விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, கல்யாணக் கார்ட் அடிக்க, கிளினிக்கில் பெயர் பதிய… எல்லாவற்றுக்கும் அதுவே. எங்காவது ஒரு இடத்தில் புது விலாசத்தைக் கொடுத்துவிட்டால், ‘அப்போ பழைய காணி உங்களுக்கு வேண்டாமா?’ என்று பிறகு யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அக்காவும் அப்படித்தான். நெடுங்கேணிக்கு அப்பால் எங்கள் அப்பா காடு வெட்டித் திருத்திய காணி. அரசாங்கம் கொடுத்த பேர்மிட் அக்காவின் பெயரில். இடம்பெயர்ந்து அலைந்து நாங்கள் திரும்பி வந்தபோது காணி காட்டுக்குள் போயிருந்தது. வன இலாகாவின் எல்லைக் கல் எங்கள் பழைய படலைக்கு வெகுதூரம் முன்னாலேயே நட்டிருந்தது. பகலில் விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் ஆட்கள் உள்ளே போய் வருவார்கள். குடியிருக்கத்தான் முடியாது. அக்கா விடாமல் மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

கம்பனி பதியப் போனபோது, பதிவு விலாசம் என்ன என்று கேட்டார்கள். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. காட்டு விலாசத்தைக் கொடுத்தார். எல்.ஈ.ஐ. எடுத்தபோது அந்தப் பதிவைப் பார்த்து அதே விலாசத்தை ஏற்றிவிட்டார்கள். அன்று அக்கா என் போனை வாங்கி, திரையில் தெரிந்த எங்கள் காணியின் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘இயங்குகிறது’ என்று இருந்தது.

“பாத்தியே தம்பி, உலகம் ஒத்துக்கொண்டிட்டுது.”

இப்போது அந்தப் பார்சல். குமார் அண்ணை போன் எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“தங்கச்சி, மூடி கிடைச்சுதே?”

“என்ன மூடி அண்ணை?”

“போத்தல் மூடி சாம்பிள். ஒபிஸில நிக்கிற பெட்டை உங்கட நம்பரைத் தட்டிப்போட்டு, அதில கிடந்த விலாசத்துக்கு அனுப்பிவிட்டிட்டாள். குடுத்தாச்சு எண்டு காட்டுது. கையெழுத்தும் கிடக்கு.”

அக்கா என்னைப் பார்த்தார். குமார் அண்ணை தொடர்ந்தார்.

“ஒரு விதத்தில நல்லதாப் போச்சு. பாங்க்காரர் விலாசம் மெய்யோ பொய்யோ எண்டு குடைஞ்சுகொண்டு நிண்டவங்கள். இந்தக் கையெழுத்தைக் காட்டினன். சரி, அங்க ஆள் இருக்கு எண்டிட்டாங்கள். இனி ஓடர் பிரச்சினையில்லை.”

போனை வைத்த பிறகு அக்கா அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னார்.

“ஆள் இருக்காம்.”

குமார் அண்ணை அனுப்பிய படத்தில் கையெழுத்தைப் பார்த்தோம். ஒரு வட்டம். வட்டத்திலிருந்து கீழே இழுத்த ஒரு கோடு. நானா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

“எழுத்துமில்லை, கைநாட்டுமில்லை. என்ன சாதிக் கையெழுத்து இது?”

அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது. காரணம் இருக்கிறது. இந்த மாதம் காணி விசாரணை. எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு வந்த விசாரணை. அங்கே முதலில் கேட்கப்போவதே, ‘காணியில் இப்போது யாரும் குடியிருக்கிறார்களா?’ என்பதுதான். யாராவது பிடித்துக்கொண்டு இருந்தால் அது வேறு வழக்கு. பிறகு எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது. யாரும் இல்லை என்றால்? பார்சலை வாங்கியது யார்? கையெழுத்துப் பொய் என்றால் வங்கிக்கு விலாசமும் பொய். குமார் அண்ணை தந்த எண்ணெய் ஓடர் போய்விடும். கொட்டகையில் போத்தல் அடைக்கும் பெண்கள் நாளைக்கு எங்கே போவார்கள்?

ஆள் இருந்தால் காணி போகும். ஆள் இல்லாவிட்டால் ஓடர் போகும். இப்படி ஒரு இக்கட்டு!

“போய்ப் பாப்பம்” என்றார் அக்கா.

அடுத்த நாள் காலை நானாவின் லொறியில் மூன்று பேரும் போனோம். நெடுங்கேணி தாண்டி, தார் றோட்டு முடிந்து, கிரவல் றோட்டும் முடிந்து, எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தினோம். அங்கிருந்து நடை. உச்சி வெயில். ஆனால் உள்ளே போகப் போக வெளிச்சம் பச்சையாக மாறியது. வழியில் யானை லத்தி, காய்ந்தது. நானா ஒவ்வொரு லத்தியையும் காலால் புரட்டிப் பார்த்து, “பழசு” என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் போனில் வழி காட்டும் மப்பைப் போட்டிருந்தேன். அக்காவின் கம்பனி அதில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு முதிரை மரத்தடியில் போன் திடீரென்று ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் சொன்னது — வந்து சேர்ந்துவிட்டீர்களாம்.

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகளும் நின்றுவிட்டன.

“அதின்ர வாயை மூடு தம்பி” என்றார் நானா மெல்ல.

முன்னால் எங்கள் முற்றம் தெரிந்தது.

முற்றம் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? அது முற்றமாகவே இருந்தது. சுற்றிவர வீரையும் பாலையும் ஈச்சம் பற்றையும் நெருங்கி வளர்ந்திருக்க, நடுவில் அந்த மணல் தரையில் மட்டும் ஒரு புல் இல்லை. ஒரு சருகு இல்லை. மணலில் விசிறி விசிறியாகக் கோடுகள்… காலையில் யாரோ கூட்டிவிட்டுப் போன மாதிரி.

“மயில்” என்றார் நானா. “மயில் ஆடுற இடம். தோகை இழுபட்ட கோடு இது.”

இருக்கலாம். வன்னியில் மயிலுக்கா பஞ்சம்?

முற்றத்துக்கு அப்பால் வீட்டின் சீமெந்துத் தரை. சுவர்கள் இல்லை. கல்லெல்லாம் எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தரை வெடித்து, வெடிப்புக்குள்ளால் மரங்கள் வந்திருந்தன.

அக்கா முற்றத்தைக் கடந்து போய், முன் வாசல் இருந்த இடத்தில் நின்றார். செருப்பைக் கழற்றினார்.

“ஆரும் நிக்கிறியளோ?” என்று கேட்டார்.

அவர் கேட்ட விதம்தான் என் முதுகைச் சிலிர்க்க வைத்தது. எதிரியைத் தேடி வந்தவர் கேட்கும் குரல் இல்லை அது. அயல் வீட்டுக்குக் கறி கொண்டுபோய்ப் படியில் நின்று கேட்கிற குரல்.

பிறகு அக்கா உள்ளே போனார். நேரே போகவில்லை. முன் அறையைக் கடந்து, இடப்பக்கம் திரும்பி, நடு அறைக் கதவடியில் தலையைக் கொஞ்சம் குனிந்து — எங்கள் வீட்டில் அந்தக் கதவு நிலை தாழ்வு — அடுப்படி இருந்த குசினிப் பக்கம் போனார். நான் பின்னால் போனேன். நானும் அதே இடத்தில் திரும்பினேன். அதே இடத்தில் குனிந்தேன். நானா எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அவருக்கு அந்த வீட்டில் எங்கே கதவு, எங்கே சுவர் என்று எப்படித் தெரியும்? அவரும் திரும்பினார். குனிந்தார். சுவரே இல்லாத இடத்தில் மூன்று பேர் கதவு கதவாக நடந்து போனோம். அப்போது அது எங்கள் ஒருவருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

குசினிக்கு முந்திய அறையில் அக்கா நின்றார்.

“தம்பி, இஞ்ச என்ன நிண்டது?”

“அலுமாரி.”

அலுமாரி நின்ற மூலையில் ஒரு பெட்டி இருந்தது. பொலித்தீன் சுற்றிய, கம்பனியின் பெயர் அச்சடித்த, புதுப் பார்சல். சாய்ந்து கிடக்கவில்லை. நிமிர்த்தி வைத்திருந்தது. லேபல் அறையைப் பார்த்தபடி. லேபல் ஒட்டுகிறவன் நான், எனக்குத் தெரியும். எறிந்துவிட்டுப் போகிறவன் அப்படி வைக்க மாட்டான். வருகிறவர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்தான் அப்படி வைப்பார்.

சுற்றிப் பார்த்தோம். அடுப்பு எரித்த சாம்பல் இல்லை. கொட்டில் இல்லை. காலடி எங்களுடையது மட்டும். ஆள் இருந்த அடையாளம் ஒன்றுமே இல்லை.

“கெதியாப் போவம்” என்றார் நானா.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வந்த வழியே, கதவு கதவாக, வெளியே வந்தோம்.

நெடுங்கேணியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து பார்சலில் ஒட்டியிருந்த கூரியர் நம்பருக்கு அக்கா போன் எடுத்தார். கொண்டுவந்த ஆளையே பிடித்துக் கொடுத்தார்கள். நடுத்தர வயதுக் குரல். அக்கா விலாசத்தைச் சொன்னதுமே அந்த மனிதர் பதறிவிட்டார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. மேலிடத்தில சொல்லிப்போடாதேங்கோ. அந்தக் கையெழுத்து நான்தான் கிறுக்கினது. அங்க ஒரு சனமும் இல்லை. யானை வேற நிக்குது எண்டாங்கள். திருப்பிக் கொண்டுபோனா எனக்கெல்லோ பேச்சு விழும்?”

அக்கா பெரிய மூச்சு ஒன்று விட்டார். நானா கிளாசை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவ்வளவுதான் விசயம்! பயந்த மனிதர் ஒருவர் வேலையை முடிக்க ஒரு கிறுக்குக் கிறுக்கியிருக்கிறார்.

“அதுக்கேன் தம்பி அவ்வளவு தூரம் உள்ளுக்கை கொண்டுபோய் வைச்சனீங்கள்?” என்று அக்கா கேட்டார்.

“உள்ளுக்கையோ? ஐயோ அக்கா, நான் உள்ளுக்கை போகேல்லை. எல்லைக் கல்லடியில வைச்சிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினனான். சத்தியமா கல்லைத் தாண்டேல்லை.”

அக்கா ஸ்பீக்கரை நிறுத்தினார். நானா சிரிப்பை நிறுத்தினார்.

விறகுக்குப் போன யாராவது எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் எடுத்தவர் ஏன் பிரிக்கவில்லை? குரங்கு இழுத்திருக்கலாம். குரங்கு நிமிர்த்தி வைக்குமா? பரந்தன் வரும்வரை மூன்று பேரும் ஒவ்வொரு விளக்கமாக எடுத்து எடுத்துப் போட்டோம். கிளிநொச்சி கடந்த பிறகு நானா மெல்லச் சொன்னார்.

“மயில் எண்டு சொன்னன் என்ன… மயில் எண்டா ஒரு இறகாவது கிடக்க வேணுமே?”



ஓடருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அக்கா உண்மையை மறைக்கவில்லை. குமார் அண்ணைக்குப் போன் எடுத்து, “அந்தக் கையெழுத்து எங்கட ஆக்கள் வைச்சதில்லை, அந்தக் காணியில நாங்கள் இப்ப இல்லை, வேலை நடக்கிறது பரந்தனில” என்று சொல்லிவிட்டார். நான் பயந்துபோய் மெஷினுக்குப் பின்னால் நின்றேன். சில நாட்கள் ஒரு பதிலும் இல்லை. பிறகு வந்தது. அந்தக் குறியீட்டுப் பதிவில் இரண்டு விலாசத்துக்கு இடம் இருக்கிறதாம். சட்டப்படி பதிந்த விலாசம் ஒன்று. தலைமை அலுவலகம் இயங்கும் விலாசம் இன்னொன்று. நாங்கள் இரண்டிலும் காட்டையே எழுதியிருந்தோம். இரண்டாவதைப் பரந்தன் என்று திருத்தி, கொட்டகையைப் படம் எடுத்து அனுப்பினோம். வங்கி ஒத்துக்கொண்டது. இலக்கம் மாறவில்லை. எண்ணெய் கப்பலேறிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் அந்தக் குறியீட்டை உண்டாக்கியவர்கள் புத்திசாலிகள். வேலை செய்கிற இடம் வேறு, பெயர் இருக்கிற இடம் வேறு என்று ஒன்றுக்கு இருக்கக்கூடும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். கம்பனிக்கு இதை விளங்கிக்கொண்ட உலகம் மனிதருக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு கட்டத்தைக் கொடுத்து ‘விலாசம்’ என்று கேட்கிறது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வரும் கிழமை காணி விசாரணை. நேற்றுப் பின்னேரம் அக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, நீதான் எனக்குச் சாட்சி. நேர போய்ப் பாத்தனி. ஆரும் குடியிருக்கினமோ எண்டு கேப்பினம். இல்லை எண்டு சொல்ல வேணும். அவ்வளவுதான்.”

“நானாவைக் கூட்டிக்கொண்டு போங்கோவன் அக்கா. அவர் நல்லாக் கதைப்பார்.”

நானா சாக்குக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

“நான் வரமாட்டன் தங்கச்சி. என்னட்டக் கேட்டா நான் ஒருக்கா யோசிப்பன். நான் யோசிக்கிறதைக் கண்டா அவையளும் யோசிப்பினம்.”

அக்கா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வெட்டித் திருத்திய காணி. அக்கா இத்தனை வருடம் ஒவ்வொரு இடத்திலும் எழுதி எழுதிக் காப்பாற்றிய விலாசம். அது இப்போது நான் சொல்லப்போகிற ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது.

“வாறன் அக்கா” என்றேன்.

இன்று காலையிலிருந்து லேபல் ஒட்டிக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகுகிறேன். ஆட்கள் முன்னால் நின்று கதைத்துப் பழக்கமில்லாதவன். நாக்குத் தடக்கக் கூடாதல்லவா? ‘காணிக்குள் யாரும் குடியிருக்கிறார்களா?’ இல்லை. ‘நீர் நேரில் பார்த்தீரா?’ பார்த்தேன், யாரும் இல்லை. இப்போது ஓரளவுக்குத் தெளிவாகவே வருகிறது. அன்றைக்கும் அப்படியே சொல்லிவிடுவேன்.

சத்தியம் செய்யச் சொல்லாமல் விட்டார்கள் என்றால் சரி.